கிண்டர் ஸ்கௌட்: ஆளற்ற குன்று உருவான விதம்

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே 636 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கிறது கிண்டர் ஸ்கௌட். 'மூர்' எனப்படும் மரமற்ற மேட்டுநிலம். கரிய பீட் சேறு, ஹெதர் புதர்கள், ஓயாத காற்று. இத்தகைய குன்றுகளின் தனிமையை இயற்கையின் கொடையாகக் கருதுவது வழக்கம். சட்ட வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது.

இரு பெரும் தொழில் நகரங்களின் அருகே ஒரு குன்று ஆளற்றுக் கிடப்பது இயல்பன்று. பொதுநிலங்கள் அடைப்புச் சட்டங்களால் தனியுடைமையாயின. பின்னர் கிரௌஸ் பறவை வேட்டைக்கெனக் காவலர்கள் நிறுத்தப்பட்டனர். ஆண்டில் சில நாள் வேட்டைக்காக ஆண்டு முழுவதும் தடை. 'அத்துமீறுவோர் மீது வழக்குத் தொடரப்படும்' என்ற பலகைகளோ சட்டப்படி பொய்யானவை. பிறர் நிலத்தில் வெறுமனே நடப்பது அங்கே உரிமையியல் தவறு மட்டுமே, குற்றமன்று.

1932 ஏப்ரல் 24 அன்று ஹேஃபீல்டிலிருந்து ஏறத்தாழ 400 பேர் குன்றேறியபோது இந்த முரண் வெளிப்பட்டது. முன்னின்றவர் இருபது வயதான பென்னி ராத்மன். காவலர்களுடன் கைகலப்பு நேர்ந்தது. ஐவர் சிறை சென்றனர். ஆனால் அத்துமீறலுக்காக அன்று. கலகக் கூட்டம், தாக்குதல் முதலியனவே குற்றச்சாட்டுகள். நடந்ததைத் தண்டிக்க இயலாத சட்டம், கூடியதைத் தண்டித்தது. அதிகாரபூர்வ நடையர் அமைப்புகளே இந்நிகழ்வை விரும்பவில்லை என்பது பலரும் தவிர்க்கும் செய்தி. அவர்கள் உண்மையில் கிண்டரின் மேல்தளத்தை எட்டவே இல்லை என்றும் டாம் ஸ்டீபன்சன் பின்னாளில் வாதிட்டார்.

1932இலிருந்து 1949ஆம் ஆண்டுத் தேசியப் பூங்காச் சட்டத்திற்கு நேர்கோடு இழுப்பது வசதியான கதை. நுழைவுரிமை மசோதாவை ஜேம்ஸ் பிரைஸ் 1884லேயே கொண்டுவந்து தோற்றிருந்தார். 1939ஆம் ஆண்டுச் சட்டமோ சில சூழல்களில் அத்துமீறலைக் குற்றமாகவே ஆக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் உடைமையாளரின் உடன்படிக்கையை நம்பியது; கிண்டரில் வழி திறந்தது, பிற மூர்கள் பல மூடியே கிடந்தன. (நம் வருவாய் ஆவணங்களில் 'தரிசு' என்ற சொல்லைக் கடந்துசெல்லும் ஆய்வு மாணவர்கள் இங்கே சற்று நிற்கலாம்: வெறுமை என்பது பல வேளைகளில் ஒரு பதிவேட்டு வகைப்பாடு.)

உடன்படிக்கையைச் சாராத நடக்கும் உரிமை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது. பீக் பகுதியில் அது நடைமுறைக்கு வந்தது 2004 செப்டம்பரில். ராத்மன் 2002லேயே காலமாகிவிட்டார்.