அந்தமான் மொழியாய்வில் ஆய்வுச் சிக்கல் தெரிவு: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சிக்கலைத் தெரிவு செய்யும் முறை நம் பல்கலைக்கழகங்களில் ஒரு நேர்கோடாகவே கற்பிக்கப்படுகிறது. முன்னைய ஆய்வுகளைத் தொகுக்க வேண்டும். அவற்றிடையே உள்ள இடைவெளியைக் காண வேண்டும். கருதுகோள் அமைத்துத் தரவு திரட்ட வேண்டும். களப்பணி செய்தோர் அறிவர், இவ்வரிசை பெரும்பாலும் தலைகீழாகவே நிகழும் என்பதை. யார் பேச முன்வருகிறார், எந்தத் தீவுக்குப் படகு செல்கிறது, எத்தனை ஆண்டு நல்கை கிடைக்கிறது என்பவையே சிக்கலை முதலில் வரையறுக்கின்றன. கருதுகோள் பின்னர் வந்து சேர்கிறது. இதனை அந்தமான் நிகோபார்த் தீவுகளின் மொழியாய்வு வரலாற்றைக் கொண்டு விளக்க முற்படுகிறது இக்கட்டுரை. இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வரலாற்றில், பிழையான தெரிவுக்கு மொழிகளே விலையாகியுள்ளன.

1. பெயரற்ற தகவலாளி

அந்தமான் மொழிகள் பற்றிய தொடக்கக் காலச் சொற்பட்டியல்களுள் ஒன்று, 1789-90இல் தீவுகளை அளவிடச் சென்ற கோல்புரூக் தொகுத்தது. 1795இல் ஆசியக் கழகத்தின் ஆய்விதழில் அது வெளிவந்தது. 1858இல் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தண்டனைக் குடியிருப்பு நிறுவப்பட்டபின், அங்கு வந்துசென்ற பழங்குடியினரின் பேச்சோடு ஒப்பிட்டபோது கோல்புரூக்கின் சொற்கள் எதனுடனும் பொருந்தவில்லை. பட்டியலையே ஐயுறுவது எளிதாக இருந்தது. அது ஜாரவா மொழிச் சொற்பட்டியல் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெளிவாயிற்று. கோல்புரூக் காலத்தில் ஜாரவாக்கள் அத்துறைமுகப் பகுதியிலும் இருந்தனர் என்ற வரலாற்றுச் செய்தியை அப்பட்டியலே தந்தது.

பட்டியலில் பிழையில்லை. சொன்னவர் யார், எக்குழுவினர், எங்கு வாழ்ந்தவர் என்ற மூன்று வரிக் குறிப்பு மட்டும் இல்லை. அம்மூன்று வரி இன்மையால் ஒரு நல்ல தரவு நூறாண்டுக் காலம் வாளாவிருந்தது. 'அந்தமானியரின் மொழி' என ஒருமையில் சிக்கலை அமைத்தவருக்கு, எந்த அந்தமானியர் என்று கேட்கத் தோன்றியிராது.

2. அருகில் இருந்த மொழி

இ. எச். மான் 1869இல் அந்தமானுக்கு வந்த அலுவலர். மொழியியல் பயிற்சி பெற்றவர் அல்லர். குடியிருப்பைச் சுற்றியிருந்த நிலம் அக்கா-பேயா குழுவினருடையது. எனவே அக்கா-பேயா அவருடைய ஆய்வுப் பொருளாயிற்று. அந்தமானியர் இல்லங்கள் எனப்பட்ட அரசு விடுதிகளுக்கு வந்து தங்கியோரே அவருக்குத் தகவலாளிகள். மானும் ஆர். சி. டெம்பிளும் இணைந்து 1877இல் கல்கத்தாவில் வெளியிட்ட முதல் நூல், கிறித்துவ இறைவேண்டலின் தென்னந்தமான் மொழிபெயர்ப்பு ஆகும். அதே 1877இல் அவ்வில்லங்களிலும் குழுக்களிலும் மணல்வாரி நோய் பரவிப் பெருஞ்சாவு நேர்ந்தது என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் இத்தெரிவைச் சற்று ஆழ்ந்து நோக்கலாம். பயிர்த்தொழில் செய்யாத மக்களின் மொழியில், அன்றாட அப்பத்தை வேண்டும் ஒரு பனுவலைப் பெயர்த்து, அதன் வழியே இலக்கணம் கூறுவது என்பது திட்டம். பல நூறு மொழிகளில் உள்ள ஒரே பனுவலாதலின் ஒப்பீட்டுக்கு ஏற்றது என்ற காரணம் அன்று பொதுவாக ஏற்கப்பட்டிருந்தது. ஆயின் அப்பனுவல் கேட்கும் வினாவுக்குத்தான் மொழி விடை தரும். அம்மொழி தானாகச் சொல்ல விரும்புவது அதில் வாராது.

மானை அலைக்கழித்தது அம்மொழியின் முன்னொட்டுகள். 'நல்ல' எனப் பொருள்படும் பேரிங என்னும் சொல் 'உன்-' என்ற முன்னொட்டுப் பெற்றால் கையால் நல்லவர், அதாவது கைத்திறன் உடையவர். 'இக்-' பெற்றால் கண்ணால் நல்லவர், கூர்ம்பார்வையர். 'அக்கா-' பெற்றால் நாவால் நல்லவர், பன்மொழி வல்லவர். 'ஓத்-' பெற்றால் நற்பண்பினர். தமிழிலும் கைராசி, வாய்த்துடுக்கு போன்ற சொற்கள் உள என மாணவர் உடனே கூறுவர். இரண்டும் ஒன்றல்ல. தமிழில் அவை தொகைச் சொற்கள். வேண்டுமானால் ஆளலாம், விடலாம். அந்தமானியத்தில் உடலின் எப்பகுதி சார்ந்தது எனக் குறிக்காமல் பல சொற்களைக் கூறவே இயலாது.

இலத்தீன் இலக்கணக் கலைச்சொற்கள் இதற்கு உதவவில்லை. இந்த இடர்ப்பாட்டிலிருந்துதான் டெம்பிள் தம் 'பொது இலக்கணக் கோட்பாட்டை' உருவாக்கினார். சொல்லை விடுத்துத் தொடரையே பேச்சின் அலகாகக் கொண்டு தொடங்கும் அக்கோட்பாடு 1883இல் வெளிவந்தது. 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பு அறிக்கையில் அதனை அந்தமான் மொழிகளுக்கு விரிவாகப் பொருத்தியும் காட்டினார். இலண்டனில் மொழிநூற் கழகத் தலைவராக இருந்த அலெக்சாண்டர் எல்லிஸ் 1882இல் ஆற்றிய தலைமையுரையில், மானும் டெம்பிளும் தந்த கைப்படிகளைக் கொண்டு இம்மொழியை அறிஞர் முன் வைத்தார். எல்லிஸ் தீவுகளைக் கண்டதில்லை.

என் கருத்தில், டெம்பிளின் முயற்சி அதற்குரிய மதிப்பைப் பெறவில்லை. தரவு கோட்பாட்டுக்கு அடங்காதபோது தரவைச் சிதைக்காமல் கோட்பாட்டை மாற்ற முனைந்த நேர்மை அதில் உண்டு. ஆனால் சிக்கல் மொழியிலிருந்து நழுவி, எல்லா மொழிக்கும் ஆன சட்டகம் எது என்பதாக மாறிவிட்டது. அக்கா-பேயா அச்சட்டகத்தின் எடுத்துக்காட்டாகச் சுருங்கியது. மானின் தென்னந்தமான் அகராதி நூல்வடிவில் முழுமையாக வந்தது 1923இல். 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அக்கா-பேயா குழுவினர் எவரும் இல்லை. குடியிருப்புக்கு மிக அருகில் இருந்ததால் அது முதலில் ஆராயப்பட்டது. அதே காரணத்தால் முதலில் அழிந்த மொழிகளுள் ஒன்றுமாயிற்று.

எம். வி. போர்ட்மன் 1887இலும் 1898இலும் வெளியிட்ட நூல்கள் வேறொரு தெரிவைக் காட்டுகின்றன. ஒரு மொழியை ஆழமாக ஆராயாமல் தென்குழு மொழிகள் ஐந்தை ஒருங்கே வைத்து ஒப்பிட்டார். அவருடைய ஆட்சிமுறையைப் பற்றி நல்லன கூறுவது கடினம். எனினும் அக்கர்-பாலே, கோல் முதலிய மொழிகளுக்கு இன்று நாம் பெரிதும் நாட வேண்டியிருப்பது அவ்வொப்பீட்டுப் பட்டியல்களையே.

3. கைவிடப்பட்ட சிக்கல்

1906 முதல் 1908 வரை களத்தில் இருந்த ராட்கிளிஃப் பிரௌனின் பணி மானிடவியலாருக்கு ஒரு தொன்மம். மொழியியலாருக்கு ஓர் எச்சரிக்கை. நெக்ரிட்டோ இனத்தின் தொல்வரலாற்றை மீட்டுருவாக்குவதே அவர் கொண்டு சென்ற சிக்கல். சிற்றந்தமானில் தங்கி ஓங்கே மக்களிடையே பணி தொடங்கினார். அவர்தம் மொழியைக் கற்காமல் எதுவும் இயலாது என்பதும், கற்க நெடுங்காலம் ஆகும் என்பதும் விரைவில் புலனாயின. அவரிடம் இருந்த காலம் அதற்குப் போதாது. எனவே இந்துஸ்தானி அறிந்த பேரந்தமான் மக்களிடம் திரும்பினார். பின்னர் ஆங்கிலம் அறிந்த அக்கர்-பாலே குழுவினர் ஒருவரின் துணையைப் பெற்றார்.

மொழி அறியாமையால் இடம் மாறியது. இடம் மாறியதால் தரவு மாறியது. இறுதியில் சிக்கலே மாறியது. ஊக வரலாற்றால் பயனில்லை என்று தெளிந்து, சடங்கும் தொன்மமும் சமூகத்தில் ஆற்றும் பணி யாது என்ற வினாவுக்கு அவர் வந்து சேர்ந்ததை 1933ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் அவரே விளக்குகிறார். 1922இல் வெளிவந்த நூலின் பின்னிணைப்பாக நிற்கும் பொருட்பண்பாட்டுப் பகுதி, கைவிடப்பட்ட பழைய சிக்கலின் எச்சம். மொழி பற்றிய குறிப்புகளை 1914இல் தனியே ஆந்த்ரொபோஸ் இதழில் வெளியிட்டார்.

ஒரு துறை அதனால் பயன் பெற்றது என்பதில் ஐயமில்லை. ஆயின் 1901இல் 625 பேராக இருந்த பேரந்தமானியர் 1921இல் 209 பேராகவும் 1931இல் 90 பேராகவும் குறைந்தனர். அவர் களத்தில் இருந்தபோது பல மொழிகளும் இன்னும் பேசப்பட்டன, கதைகளும் கூறப்பட்டன. அக்கதைகளின் மூலமொழிப் பனுவல்களை முழுமையாகப் பதிவு செய்யும் திட்டம் அவரிடம் இல்லை. அது அவர் வினாவுக்குத் தேவைப்படவும் இல்லை.

4. வயது வரிசை

1961இல் 19 பேரே எஞ்சியிருந்த பேரந்தமானியர் ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தப்பட்டனர். வெவ்வேறு மொழிக்குழுக்களின் வழித்தோன்றல்கள் ஒரு தீவில் கலந்து வாழ்ந்ததால், ஜேரோவை அடித்தளமாகக் கொண்ட ஒரு கலப்பு வழக்கு உருவாயிற்று. இந்திய மானிடவியல் அளவாய்வகத்தின் வழி எஸ். மனோகரன் 1989இல் வெளியிட்ட விளக்க, ஒப்பீட்டு ஆய்வு இவ்வழக்கைப் பற்றியதே. 'தூய' ஜேரோ எங்கே எனத் தேடியிருந்தால் அவருக்கு ஆய்வுப்பொருளே கிடைத்திராது.

அன்விதா அப்பி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கொண்டது முதலில் ஒரு வகைப்பாட்டு அளவாய்வு: பேரந்தமானியம், ஓங்கே, ஜாரவா ஆகிய மூன்றையும் ஒப்பிடுதல். ஓங்கேயும் ஜாரவாவும் ஒரு குடும்பம், பேரந்தமானியம் அதனின் வேறானது என்ற முடிவுக்கு அது இட்டுச் சென்றது. அத்துடன் நிறுத்தியிருந்தாலும் ஆய்வு முழுமை பெற்றதாகவே கொள்ளப்பட்டிருக்கும். ஆனால் களத்தில் தெரிந்த மற்றொன்று, பேரந்தமானிய முதியவர்களின் எண்ணிக்கை. 2004 திசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியது. 2005இல் ஒப்பீட்டை ஒதுக்கிவைத்துப் பேரந்தமானிய ஆவணப்படுத்தலே தனித் திட்டமாயிற்று.

திட்டமிடுதல் பற்றி இதிலிருந்து அறியத்தக்கது ஒன்றுண்டு. பாடநூல்கள் ஒலியனியல், உருபனியல், தொடரியல் என்று பணியை வரிசைப்படுத்துகின்றன. இத்தகைய களத்தில் வரிசையைத் தீர்மானிப்பது தகவலாளிகளின் வயது. பறவைப் பெயர்களும் பாட்டும் கதையும் ஒருவருக்கு மட்டுமே தெரியுமாயின், ஒலியன் அட்டவணை முடியும்வரை அவை காத்திருக்க இயலா. போ மொழியின் கடைசிப் பேச்சாளரான மூத்த போவா 2010 சனவரி 26ஆம் நாள் மறைந்தார். சாரே மொழியின் கடைசிப் பேச்சாளர் லிச்சோ 2020 ஏப்பிரலில் மறைந்தார். மும்மொழி அகராதி 2012இலும் இலக்கணம் 2013இலும் வெளிவந்தன. மானைக் குழப்பிய உடற்பகுதிக் கூறுகள் அவ்விலக்கணத்தில் ஏழு வகுப்புகளாகப் பகுக்கப்பட்டு, பெயரோடு நில்லாமல் வினையையும் பெயரடையையும் வினையடையையும் ஊடுருவும் அடிப்படை அமைப்பாக விளக்கம் பெறுகின்றன. தரவின் ஒரு பகுதி 1880களிலேயே அச்சில் இருந்தது. வினா வருவதற்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

5. சிறிய சிக்கல்

நிகோபார் மொழிகளைப் பற்றிச் சுருக்கமாகவே கூற இயலும். ரோப்ஸ்டார்ப் 1884இலும் மான் 1889இலும் நடு நிகோபாரியத்துக்கும், வைட்ஹெட் 1925இல் கார் நிகோபாரியத்துக்கும் அகராதி தந்தனர். இவ்வரிசையில் ஆர். ராதாகிருஷ்ணனின் நூல் (1981) தனித்து நிற்கிறது. அவர் எடுத்துக்கொண்டது நான்கௌரி மொழியின் 'சொல்' மட்டுமே: அதன் ஒலியனியல், ஒட்டுகள், வேர்கள். ஓரசை வேருக்கு முன்னொட்டும் ஈரசை வேருக்கு உள்ளொட்டும் பிறவினைப் பொருளைத் தருகின்றன என்பது போன்ற விதிகளை அது துல்லியமாகக் காட்டியது. இரட்டித்தல் பற்றிய கோட்பாட்டு விவாதங்களில் ஒலியனியலார் அத்தரவை மீண்டும் மீண்டும் எடுத்தாண்டனர். 'நிகோபாரிய மொழி - ஓர் ஆய்வு' எனத் தலைப்பிட்டிருந்தால் இவ்வாழ்வு அந்நூலுக்குக் கிட்டியிராது எனத் துணிந்து கூறலாம்.

6. இன்றைய மாணவர்

அந்தமான் செல்ல விரும்பி என்னிடம் வரும் மாணவருள் பெரும்பாலோர் ஜாரவா மொழியையே கேட்கின்றனர்; ஓரிருவர் சென்டினல் தீவு மொழியையும் கேட்பதுண்டு. சென்டினல் மொழி பற்றிய சிக்கல் ஆய்வுச் சிக்கலே அன்று. அங்கு அழைத்துச் செல்லப்பட்ட ஓங்கே மக்களுக்கும் அப்பேச்சு விளங்கவில்லை என்பதற்கு மேல் அறிய வழியில்லை. அம்மக்கள் எவரையும் ஏற்க விரும்பவில்லை என்பதைப் பலமுறை தெளிவாக உணர்த்தியுள்ளனர். ஜாரவா பற்றி, அவர்கள் 1990களின் இறுதியில் வெளியாரிடம் வரத் தொடங்கியபின், செங்குட்டுவனின் ஒலியனியல் ஆய்வு (2000) முதலாகச் சில நல்ல ஆய்வுகள் உள. ஆயின் 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்கீழ் அனுமதி பெறுவது எளிதன்று. எளிதாக இருக்கவும் கூடாது. மூன்றாண்டு நல்கையில் இரண்டாண்டை அனுமதிக்குக் காத்திருந்து கழித்து, எஞ்சிய ஓராண்டில் தலைப்பை மாற்றிக்கொண்ட ஒரு மாணவரை நான் அறிவேன். குறை அவருடையதன்று. திட்டத்தை ஏற்று ஒப்பமிட்ட எங்களுடையது.

அதே தீவுகளில், எந்தச் சிறப்பு அனுமதியும் வேண்டாமல், இதுவரை போதிய அளவு ஆராயப்படாத களம் ஒன்றுண்டு. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி 3,80,581 மக்களுள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். வங்காளம், தெலுங்கு, மலையாளம் பேசுவோருடன் இவர்கள் பொதுமொழியாகக் கையாளும் அந்தமான் இந்தி, தண்டனைக் குடியிருப்பில் கருக்கொண்ட ஒரு வழக்கு. மூன்று தலைமுறை இங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தில் பாட்டியும் பெயர்த்தியும் பேசும் தமிழில் வேற்றுமை உருபுகள் எந்நிலையில் உள்ளன? சிரிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்வழி (1964) இலங்கையிலிருந்து திரும்பி, நிகோபார்க் கூட்டத்தின் கச்சால் தீவில் இரப்பர்த் தோட்டத்தில் குடியேறியோரின் மலையகத் தமிழ் என்னவாயிற்று? ஆழிப்பேரலை கச்சாலைக் கடுமையாகத் தாக்கியதாதலால், இரண்டாம் வினாவுக்கு முதியவர்களைத் தீவிலும் தீவுக்கு வெளியிலும் தேட வேண்டியிருக்கும். நிகோபார் பழங்குடிப் பகுதியாதலால் அங்குச் செல்ல அனுமதி வேண்டும். விண்ணப்பம் முன்கூட்டியே போகட்டும். முதல் வினாவுக்கு அதுவும் தேவையில்லை. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் மூன்று நாள். மே முதல் திசம்பர் வரை இரு பருவமழைகளும் கடற்பயணத்தைக் குலைக்குமாதலால், முதற் களப்பணியைச் சனவரிக்கும் ஏப்பிரலுக்கும் இடையில் வைப்பது நன்று. பாட்டியரின் பதிவை அப்பயணத்திலேயே முடித்துவிட வேண்டும். பெயர்த்தியரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.