யார் சொன்னது? திண்டுக்கல் சமவெளியும் வானொலிப் பேட்டியும்

நம் கைப்பேசிகளில் நாள்தோறும் குரல்பதிவுகள் வந்து குவிகின்றன. பேசுபவர் யார், எந்த ஊரார், கண்டதைச் சொல்கிறாரா, கேட்டதைச் சொல்கிறாரா என்பது தெரிவதில்லை. ஆயினும் அவற்றைத் தயங்காமல் பிறருக்கு அனுப்பிவிடுகிறோம். முன்பு நம் வீடுகளில் ஒலித்த வானொலிக் குரல்கள் இவ்வாறு பெயரற்றவையாக இருக்கவில்லை. அந்த வரலாற்றைச் சற்று நினைவுகூர்வோம்.

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கப்பட்டது. அந்நாளில் திண்டுக்கல் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1985 செப்டம்பர் 15 அன்றுதான் தனி மாவட்டமாயிற்று. வானொலியின் சொல்லுக்கு உழவர்கள் தந்த மதிப்பைத் தஞ்சை மண்ணில் காணலாம். 1960களில் பரவிய ஏ.டி.டி. 27 என்னும் நெல்லை அவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். விதையைப் பற்றி வானொலி வழியே அறிந்ததால் அமைந்த பெயர் அது.

பின்னர் நம் மாவட்டத்திலேயே, கொடைக்கானல் மலையில், அகில இந்திய வானொலியின் பண்பலை நிலையம் அமைந்தது. பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. எனவே மலையுச்சியிலிருந்து எழும் ஒலி சமவெளியில் நெடுந்தொலைவு சென்று சேர்கிறது. 100.5 மெகாஹெர்ட்சில் ஒலிக்கும் அந்நிலையத்தை ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரியும், சின்னாளப்பட்டி நெசவாளரும், திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளியும் ஒருசேரக் கேட்க முடிந்தது.

அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அவ்வாய்ப்புக் கிட்டியது. ஆனால் செய்தியும் அரசியலும் அவற்றுக்கு விலக்கப்பட்டன. தனியார் பண்பலைக்கான 2011ஆம் ஆண்டுக் கொள்கை, விளையாட்டு, வானிலை, தேர்வு முடிவு, குடிநீர், மின்சார அறிவிப்பு போன்றவற்றை அனுமதித்தது. செய்தியறிக்கை வேண்டுமெனில் அகில இந்திய வானொலியின் அறிக்கையை மாற்றமின்றி ஒலிபரப்ப வேண்டும் என்றது. ஆகவே ஊர்ச் செய்தியையும் ஊர் அரசியலையும் உரியவரிடமே கேட்டு ஒலிபரப்பும் வாயில் குறுகியே இருந்தது. அந்த வெற்றிடத்தில்தான் இன்று வதந்தி எளிதாக நுழைகிறது என்று நாம் கருதுகிறோம்.

பேட்டி என்பது என்ன? இன்னார், இன்ன ஊரார், இன்ன தொழிலினர் என்று அறிவித்து, அவர் வாயாலேயே கேட்பது. சொன்னவர் தம் சொல்லுக்குப் பொறுப்பேற்கிறார். இம்முறை நமக்குப் புதிதன்று. ஹதீஸ் கலை அறிஞர்கள் செய்தியைப் பார்க்குமுன் அதைக் கொண்டுவந்தவரை ஆராய்ந்தார்கள். யாரிடம் கேட்டீர் என வினவியே அறிவிப்பாளர் வரிசையை அமைத்தார்கள். கொண்டுவரப்படும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயமும் நமக்கு அறிவுறுத்துகிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்த நேரும் என்று எச்சரிக்கிறது. பல சமயத்தாரும் அடுத்தடுத்து வாழும் நம் ஊருக்கு இவ்வெச்சரிக்கை எத்துணைப் பொருத்தம்!

பேகம்பூர் வீதிகளின் பழங்கதைகளையும் தோல் பதனிடும் தொட்டிகளில் உழைத்த நாட்களையும் அறிந்த பெரியவர்கள் நம்மிடையே குறைந்து வருகிறார்கள். அவர்களின் இசைவு பெற்று, பெயர், ஊர், நாள் குறிப்பிட்டு, அவர்கள் குரலைப் பதிவு செய்வோம். நம் பிள்ளைகளே கேள்வி கேட்கட்டும். எந்தச் செய்தி வந்தாலும், ‘யார் சொன்னது?’ என்று முதலில் வினவும் பழக்கமும் அப்போது அவர்களுக்கு வாய்க்கும், இன்ஷா அல்லாஹ்.