செக்கிழுத்த கை எழுதிய ஆறுதல் நூல்கள்

துன்பம் வந்துற்ற காலத்து மனிதன் தேடிச் செல்லும் துணைகள் பல. உற்றாரை நாடுவோர் உளர். கோயிலை நாடுவோர் உளர். முன்பு படித்த புத்தகமொன்றைத் தூசி தட்டி எடுத்து மீண்டும் படிப்போரும் உளர். இம்மூன்றாம் வகையினர்க்காகவே இக்கட்டுரை.

நாம் வாழும் எலெக்ட்ரானிக் சிட்டி நேற்றுவரை வயற்காடு. கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூர் ஆகிய சிற்றூர்களின் நிலத்தில் 332 ஏக்கர் பரப்பில், கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978-இல் இத்தொழில்நகரை நிறுவியது. அந்நிறுவனத் தலைவராயிருந்த ஆர். கே. பாலிகாவின் கனவு இது. தமிழக எல்லையை நோக்கிச் செல்லும் ஓசூர்ச் சாலையின் ஓரத்தில் அமைந்தமையால் தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வந்து குடியேறின. 2010-இல் மேம்பாலச் சாலையும், 2025-இல் மெட்ரோ இரயிலும் வந்து பயண நேரத்தைக் குறைத்தன. ஆனால் மனச்சுமையைக் குறைக்கும் பாலம் எதுவும் வரவில்லை. கைத்திட்டம் முடிந்து அடுத்த திட்டம் கிடைக்குமா என்று காத்திருக்கும் மகன், வீட்டுக் கடன் தவணையை எண்ணி உறக்கமிழக்கும் மருமகள், என்ன சொல்லித் தேற்றுவதென்றறியாமல் தவிக்கும் பெற்றோர் ஆகியோரை நாம் நன்கறிவோம்.

இத்தகைய இல்லங்களின் அலமாரியில் சுயமுன்னேற்ற நூல்கள் அடுக்கடுக்காய் இருக்கக் காணலாம். அவை பெரும்பாலும் ஆங்கில நூல்கள். இவ்வகை நூல்களுக்குத் தமிழிலும் நூறாண்டு கடந்த வரலாறு உண்டென்பதையும், அவ்வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் ஒரு சிறைச்சாலை நிற்கிறதென்பதையும் அறிந்தோர் சிலரே.

சிறையில் பிறந்த நூல்

1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1908 மார்ச்சில் கைது செய்யப்பட்டார். அவ்வாண்டு ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரு வாழ்நாள் நாடுகடத்தல் தண்டனைகள் விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. எனினும் கோவையிலும் கண்ணூரிலுமாக நாலாண்டுக்கு மேல் அவர் சிறையிருந்தார். கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கு இன்றும் நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

பகலில் உடல் இவ்வாறு வருந்தக் கிடந்தவர், கிடைத்த ஓய்வில் ஓர் ஆங்கில நூலைத் தமிழாக்கினார். ஜேம்ஸ் ஆலன் 1903-இல் வெளியிட்ட சிறுநூல் அது. ‘மனம் போல வாழ்வு’ என்னும் பெயருடன் 1909-இல், அவர் சிறையிலிருக்கும்போதே, அது வெளிவந்தது. விடுதலைக்குப் பின் ‘அகமே புறம்’ 1914-இலும், ‘வலிமைக்கு மார்க்கம்’ 1916-இலும், ‘சாந்திக்கு மார்க்கம்’ 1934-இலும் வெளிவந்தன. இவையனைத்தும் ஆலன் நூல்களின் தமிழாக்கங்களே.

ஆலனும் அல்லலறியாச் செல்வரல்லர். 1864-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்தவர். தொழில் நொடித்த தந்தையார், பிழைப்புத் தேடி 1879-இல் அமெரிக்கா சென்றார். சென்ற சில நாட்களிலேயே அங்கே இறந்துபட்டார். பதினைந்து வயது ஆலன் பள்ளியை விட்டு வேலைக்குப் போனார். ஊர்விட்டு ஊர்சென்ற குடும்பமொன்றின் துயரம் அவர் எழுத்துக்குப் பின்னால் இருக்கிறதென்பதை, ஊர்விட்டு வந்த நாம் எளிதில் உணரலாம்.

எழும் ஐயம்

அந்நூல்களின் மையக் கருத்து யாது? மனிதன் எண்ணுவது எதுவோ அதுவே அவன் குணமாகிறது. குணத்திற்கேற்பவே அவன் சூழ்நிலை அமைகிறது என்பதாம். இங்கே நாம் தயங்காமல் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அங்ஙனமாயின், வ. உ. சி.யின் எந்த எண்ணம் அவரைச் செக்கடியில் நிறுத்தியது? எந்த மனக்குறை அவருடைய கப்பல்களைப் பறித்தது? 1912 டிசம்பர் 24 அன்று விடுதலையானபோது கம்பெனி இல்லை. வழக்கறிஞர் உரிமமும் இல்லை. சென்னையில் வறுமையோடு போராடினார். அவரை வீழ்த்தியது ஓர் அரசின் சினமேயன்றி அவருடைய மனத்தளர்ச்சி அன்று.

ஆகவே இக்கொள்கையை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொள்வோமாயின், வேலையிழந்தவனைப் பார்த்து, ‘உன் எண்ணம் சரியில்லை’ என்று சொல்லும் கொடுமைக்கு ஆளாவோம். 2008-ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்தோர் அனைவரும் தவறாக எண்ணியவர்களா? நொந்த நெஞ்சில் பழியையும் ஏற்றும் நூல் மருந்தாகாது.

ஆயினும், செல்வம் திரும்பக் கைகூடாத அப்பெரியார், தாம் மறைவதற்கு இரண்டாண்டுக்கு முன்வரை அதே ஆசிரியரின் நூலை வெளியிட்டு வந்தார். சூழ்நிலை மாறுமென்னும் வாக்குறுதிக்காக அவர் அந்நூல்களைப் போற்றியிருக்க இயலாது. அவ்வாக்குறுதி அவர் வாழ்வில் நிறைவேறவில்லை. எல்லாம் பறிபோன பின்னும் தம் கையில் எஞ்சி நின்ற ஒன்றை, அதாவது மனத்தை, ஆளும் பயிற்சிக்காகவே போற்றினார் என்று கொள்வதே பொருந்தும். கண்ணூர்ச் சிறையில் உடனிருந்த கைதிகளுக்கு நீதி புகட்டி, அவர்தம் பொருட்டு ‘மெய்யறிவு’ என்னும் நூலை இயற்றியதும் அப்பயிற்சியின் விளைவேயாம்.

வள்ளுவர் வைத்த வரிசையும் இங்கே எண்ணத்தக்கது. முயற்சியைப் புகழும் ஆள்வினையுடைமையை 62-ஆம் அதிகாரமாக வைத்தவர், அடுத்த அதிகாரமாகவே இடுக்கணழியாமையை வைத்தார். முயன்றும் இடர் வரலாம் என்பதை அவர் மறைக்கவில்லை. வந்தால் உடைந்துவிடாதே என்பதே அவர் அறிவுரை. 1917-இல் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்த வ. உ. சி. இவ்வரிசையை அறியாதவரல்லர்.

கடல் கடந்து வந்த பணம்

நூல்கள் சொல்லாத மற்றொன்றை நூலாசிரியரின் வாழ்க்கை சொல்கிறது. மனவுறுதி மட்டும் அடுப்பை எரிய வைக்காது. தென்னாப்பிரிக்கா சென்று குடியேறிய தமிழர்கள் வ. உ. சி.க்கென்று திரட்டிக் காந்தியடிகளிடம் சேர்ப்பித்த தொகை, 1915, 1916 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பின் அவர் கையை அடைந்தது. அத்தொகை 347 ரூபாய் 12 அணா. இவ்வரலாற்றை ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி விரிவாக ஆராய்ந்து வெளியிட்டுள்ளார். பிற்காலத்தில் வழக்கறிஞர் உரிமத்தை மீட்டுத் தந்த நீதிபதி வாலஸின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் சூட்டினார் வ. உ. சி. உதவி பெற்றதை அவர் இழிவாகக் கருதவில்லை. பெயராக்கி வீட்டில் வைத்துக்கொண்டார்.

அயலகம் சென்ற தமிழரே அயராது உதவினர் என்பது, புலம்பெயர்ந்து வாழும் நமக்கு நெஞ்சில் பதிய வேண்டிய செய்தி. அமெரிக்காவில் பேராசிரியராய் வாழ்ந்து ‘எண்ணங்கள்’ நூலால் தமிழிளைஞரைத் தட்டியெழுப்பிய எம். எஸ். உதயமூர்த்தியும், பின்னர்த் தாயகம் திரும்பி 1988-இல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கினார். தனிமனித முன்னேற்றம் பிறர்மேல் கொள்ளும் அக்கறையில் சென்று முடிந்ததற்கு இதுவும் ஒரு சான்று.

மீண்டும் படிக்கும் முறை

அன்பர்களே, ‘மனம் போல வாழ்வு’ சிறுநூல். விடுமுறை நாளொன்றில் வீட்டார் கூடியிருந்து உரக்கப் படித்து முடித்துவிடலாம். அதனைப் படிக்குங்கால் மூன்றை நினைவிற் கொள்வோம். அது சிறையில் எழுதப்பட்டது. எழுதியவரின் வறுமையை அது போக்கவில்லை. ஆனால் அவர் உடைந்துவிடவும் இல்லை. இம்மூன்றையும் சேர்த்துப் படித்தால், அந்நூல் பழிசொல்லும் நீதிபதியாக இராது. தோளில் கைவைக்கும் தோழனாக அமையும்.

அதன்பின், அடுத்த வீட்டில் வேலையிழந்திருக்கும் இளைஞனிடம் அந்நூலைக் கொண்டுபோய்க் கொடுப்போம். வெறுங்கையோடு நூலை மட்டும் நீட்டாமல், அவ்வீட்டுப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தில் ஒரு பங்கையும், தெரிந்த இடத்தில் ஒரு நல்வார்த்தையையும் உடன் கொண்டு செல்வோம். நூலை மொழிபெயர்த்தவருக்கும், 347 ரூபாய் 12 அணாவைத் திரட்டி அனுப்பிய பெயரறியாத் தமிழருக்கும் நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவேயாகும்.