கல்யாணப் பூ: மாலைக்கு எது, பூங்கொத்துக்கு எது?

மலேசியத் தமிழர் வீட்டுக் கல்யாணங்களில் இப்போது பூ இரண்டு உருவத்தில் வருகிறது. முகூர்த்தத்திற்கு மாலை; பதிவு இலாகாவில் கையெழுத்திடும் நாளுக்கும் இரவு விருந்துக்கும் மணப்பெண் கையில் பூங்கொத்து. இரண்டையும் கைப்பேசியில் பார்த்த படத்தைக் காட்டியே பல குடும்பங்கள் கடையில் சொல்லிவிடுகின்றன. படத்திலுள்ள பூ வாடாது என்பதுதான் அதிலுள்ள சிக்கல்.

பூங்கொத்துப் பூவுக்குக் காம்பு உண்டு. மண்டபத்திற்குள் நுழையும் வரை அதைத் தண்ணீரில் நிறுத்தி வைக்கலாம். மாலைக்குப் போகும் பூவின் காம்பு கிள்ளப்பட்டுவிடுகிறது. நாரில் ஏறிய நேரத்திலிருந்து இதழில் உள்ள ஈரம் மட்டுமே அதற்கு ஆதாரம். காலை ஏழு மணி முகூர்த்தத்திற்கான மாலை பெரும்பாலும் முதல் நாள் இரவே கட்டி முடிக்கப்படுகிறது; மணமக்கள் கழுத்திலிருந்து அது இறங்கும்போது மதியம் ஆகிவிடும். எனவே மாலைக்குப் பூ பார்ப்பவர்கள் நிறத்தைக் கேட்பதற்கு முன் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்பது நல்லது.

முதலில் மல்லிகை. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தெங்கு கிளானா சாலை, பினாங்கு லிட்டில் இந்தியா கடைகளில் தொங்கும் சரங்களில் தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வரும் மொட்டுகளும் உண்டு. மதுரை மல்லிகைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மல்லிகையை விடியற்காலையில் மொட்டாகப் பறிப்பார்கள். விட்டால் அன்று மாலையே விரிந்துவிடும். குளிர்தான் அதைத் தள்ளிப்போடுகிறது. அதனால் முகூர்த்த நேரத்தைச் சொல்லாமல் மல்லிகைக்குச் சொல்லி வைப்பதில் பயனில்லை. நன்றாக மூடிய, வெள்ளையாக இருக்கும் மொட்டைத் தேர்ந்தெடுங்கள். அடியில் மஞ்சள் ஏறியிருந்தால் பழைய பூ. ஐஸ் நேராகப் பட்ட மொட்டு கண்ணாடி போல் நீர்கோத்து நிற்கும். வெளியே எடுத்த சிறிது நேரத்தில் பழுப்பாகிவிடும்.

வீட்டுக்கு வந்த சரத்தை ஈரத்துணியிலோ வாழை இலையிலோ சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம். உறைபெட்டியில் வைக்கக்கூடாது. கல்யாண வீட்டில் நடக்கும் இன்னொரு தவறு, சீர்த்தட்டுக்கு வாங்கிய ஆப்பிள், வாழை, மாம்பழத்தோடு பூவையும் ஒரே பெட்டியில் அடைத்து வைப்பது. பழுக்கும் பழங்களிலிருந்து எத்திலீன் என்ற வாயு வெளிவருகிறது. அது பூவைச் சீக்கிரம் முதிரவைத்து உதிர்த்துவிடும். பணம் கொடுத்து வாங்கிய சரம் காலையில் உதிர்ந்து கிடந்தால் கடைக்காரரைக் குறை சொல்வதற்கு முன் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

ரோஜா கேமரன் மலையிலிருந்து வருகிறது. குளிரில் வளர்ந்த பூ, சமவெளி வெயிலில் இதழ் ஓரம் கருகும். குளிரூட்டிய மண்டபம் என்றால் முழு ரோஜா மாலை நன்றாகவே நிற்கும். திறந்தவெளிக் கோயில் மண்டபத்தில், ஓமப் புகைக்கு முன்னால், அதை நம்ப முடியாது. வாங்கும்போது பூவின் அடிப்பகுதியை இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் புதிது. பஞ்சு போல் அமுங்கினால் நாளாகிவிட்டது.

வெயிலுக்கு ஆர்க்கிட் பூவே மேல். இதழ் தடிமன், சமவெளியிலேயே விளைவது, காம்பு இல்லாமலும் தாங்கும். ஆனால் அது வெப்பநாட்டுப் பூ என்பதால் அதிகக் குளிர் ஆகாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் இதழில் கறை விழும். நிழலான அறையே போதும். மல்லிகையும் ஆர்க்கிடும் கலந்த மாலை கேட்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துக் காப்பாற்ற முடியாது. முகூர்த்தத்திற்குச் சற்று முன் வந்து சேரும்படி சொல்வதே அதற்கு வழி. சாமந்தியும் சம்பங்கியும் விலைக்கு ஏற்ற பூக்கள், நன்றாகத் தாங்குபவை. மணமாலைக்கு அவை எளிமையாகத் தெரிகின்றன என்று ஒதுக்குவது வீண் பெருமை.

எடையையும் கவனிக்க வேண்டும். இப்போது பலர் கேட்கும் அடர்த்தியான மாலை கழுத்தை அழுத்தி, பட்டுச்சேலை மடிப்பையும் இழுத்துவிடுகிறது. அதைப் போட்டுக்கொண்டு மணப்பெண் மணவறையில் நெடுநேரம் உட்கார வேண்டும். முழங்காலுக்குக் கீழே இறங்கும் மாலை, சம்மணமிட்டால் மடியில் குவிந்து ஓமகுண்டம் வரை நீளும். மாலை மாற்றும்போது மூன்று முறை கழற்றிப் போடுவதால் கட்டு இறுக்கமாக இருக்கிறதா, பின்கழுத்தில் படும் இடத்தில் கம்பி முனை நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று முன்கூட்டியே தடவிப் பார்ப்பது அவசியம்.

பூங்கொத்துக்கு வேறு கணக்கு. லில்லி அழகுதான், ஆனால் நடுவிலுள்ள மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுக்காவிட்டால் பட்டில் ஆரஞ்சு நிறக் கறை பிடிக்கும். கறை பட்டால் தண்ணீர் தொட்டுத் தேய்க்காதீர்கள். ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள். ஹைட்ரேஞ்சியா தண்ணீரை விட்டு எடுத்தால் சீக்கிரம் தலை சாய்ந்துவிடும். வெளிநாட்டுப் படங்களில் வரும் பியோனி குளிர்நாட்டுப் பூ. இங்கே இறக்குமதி விலை. அதே போல் அடுக்கடுக்காகத் தெரிய வேண்டும் என்றால் லிசியாந்தஸும் கார்னேஷனும் போதும். நீலச் சாயம் ஏற்றிய பூவை ஈரத் திசுத்தாளால் துடைத்துப் பாருங்கள். சாயம் விட்டால் வியர்வையில் வேட்டிக்கும் போகும். வெள்ளை, மஞ்சள் சாமந்தியை மட்டும் வைத்துக் கட்டிய கொத்து சீன நண்பர்களுக்கு இறுதிச் சடங்கை நினைவூட்டும். மலாய்க்காரர்கள் கல்லறைகளில் நடும் கெம்போஜா பூவும் அப்படித்தான். விருந்துக்கு எல்லாரும் வருவார்கள் என்பதால் இதையும் யோசிக்கலாம்.

விலை நாளைப் பொறுத்தது. தை மாதத்தில் முகூர்த்தமும் தைப்பூசமும் சேர்ந்து வருகின்றன. சில ஆண்டுகளில் சீனப் புத்தாண்டும் அதோடு சேரும். பிப்ரவரி 14ஐ ஒட்டி ரோஜாவும், மே இரண்டாம் ஞாயிறு அன்னையர் தினத்தை ஒட்டி கார்னேஷனும் ஏறும். தேதி குறித்ததுமே கடையில் சொல்லி, பூ கிடைக்காமல் போனால் எந்தப் பூவைச் சேர்ப்பார்கள் என்பதையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தோட்டத்து லயங்களில் வேலியோரம் வளர்ந்த பூக்களே ஒரு காலத்தில் கல்யாணத்துக்குப் போதுமானதாக இருந்தன. இன்றும் வீட்டில் நந்தியாவட்டை, துளசி, மரிக்கொழுந்து இருந்தால் மாலைக்கு இடையிடையே சேர்க்கக் கொடுக்கலாம். மணமும் கூடும், செலவும் குறையும். அரளியை மட்டும் பார்த்துக் கையாள வேண்டும். அதன் பூ, இலை, பால் எல்லாமே நச்சு. மாலையில் இருப்பது வழக்கம்தான் என்றாலும் பலகாரத் தட்டிலும் கேக்கின் மேலும் அதை வைக்கக்கூடாது. பூப்பறித்து விளையாடும் குழந்தைகளின் கைக்கு எட்டாமலும் வைக்க வேண்டும்.