பாக்கெட்ல கார்டு, சென்னையில பணம்

இன்னைக்கு நாம பேசப்போறது ஏடிஎம் கார்டுக்குப் பின்னாடி இருக்கிற கருப்புப் பட்டையோட வரலாறு. ஆனா இந்தக் கதையை எங்க ஊர் நாமகிரிப்பேட்டையில இருந்துதான் ஆரம்பிக்கணும்.

வருஷம் 2014. பெரியப்பா விரலி மஞ்சளை ஏலத்துல வித்த பணம் அக்கவுண்ட்ல விழுந்திருந்தது. ஒரு ராத்திரி போன்ல வரிசையா நாலு மெசேஜ். ஒவ்வொண்ணும் 10,000 ரூபாய், எடுத்த இடம் சென்னை. கார்டு அவர் சட்டைப் பையிலயே இருந்தது. பேங்க்ல கேட்டா, "பின் நம்பரை யாருகிட்டயாச்சும் சொல்லியிருப்பீங்க"ன்னு ஒரே வரியில பதில்.

சொல்லித்தான் இருந்தார், என்கிட்ட. ஊருக்குப் போகும்போதெல்லாம் அவருக்குப் பணம் எடுத்துக் கொடுக்கறது நான்தான். அப்ப நான் சென்னையில இன்ஜினியரிங் முதல் வருஷம். யாரும் என்னை நேரா கேட்கல. ஆனா அதுக்கப்புறம் பெரியப்பா கார்டை என் கையில கொடுக்கவே இல்ல.

இப்ப பட்டைக்கு வருவோம். 1960கள்ல ஐபிஎம் இன்ஜினியர் ஃபாரஸ்ட் பாரி, காந்த நாடாவைப் பிளாஸ்டிக் கார்டுல ஒட்ட வழி தெரியாம திணறிட்டிருந்தார். துணி தேய்ச்சிட்டிருந்த அவர் மனைவி, இஸ்திரிப் பெட்டியை வெச்சு அழுத்திப் பார்க்கலாமேன்னு சொன்னாங்க. ஒட்டிக்கிச்சு. இது ஐபிஎம்மே சொல்ற கதை.

அந்தப் பட்டை நம்ம பழைய ஆடியோ கேசட்டோட சொந்தக்காரன். கார்டு நம்பர், காலாவதி தேதி எல்லாம் அதுல பூட்டு இல்லாம எழுதியிருக்கும். தேய்க்கிற இடத்துல ஒரு சின்ன ரீடரைப் பொருத்தினா போதும், முழுசா காப்பி ஆயிடும். பின் நம்பரைப் பார்க்க ஒரு கேமரா. இதுதான் ஸ்கிம்மிங்.

இந்தக் கொடுமை நமக்கு மட்டும் நடந்ததில்ல. இங்கிலாந்துல ஒரு போலீஸ் கான்ஸ்டபிள், தன் கணக்குல இருந்து தான் எடுக்காத பணம் போயிருக்குன்னு புகார் பண்ணினார். எங்க சிஸ்டத்துல தப்பு நடக்காதுன்னு அந்த நிதி நிறுவனம் சாதிச்சது. 1994ல அவர் மேலேயே மோசடி முயற்சின்னு குற்றம் உறுதியாச்சு. மேல்முறையீட்டுல 1996லதான் விடுதலை. பேங்க் ஏடிஎம் சிஸ்டங்கள் நிஜத்துல எப்படியெல்லாம் தோற்குதுன்னு கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் ராஸ் ஆண்டர்சன் 1993லயே கட்டுரை எழுதியிருந்தார். ஆனா மெஷினை நம்பினவங்க மனுஷனை நம்பல.

நம்ம பக்கத்துல இது வெட்டவெளிச்சமானது 2016 ஆகஸ்ட்ல, திருவனந்தபுரத்துல. ஒரு ஏடிஎம் அறையில, புகையைக் கண்டுபிடிக்கிற கருவி மாதிரி ஒரு பெட்டி இருந்தது. உள்ள கேமரா. கார்டு திருவனந்தபுரத்துல அவங்கவங்க பர்ஸுல, பணம் போனது மும்பையில. ருமேனியாக்காரர் ஒருத்தர் மும்பையில பிடிபட்டார். அந்தச் செய்தியைப் படிச்சப்பதான் எனக்கே புரிஞ்சது, 2014ல என்ன நடந்திருக்கலாம்னு.

இதுக்குத் தீர்வுதான் சிப். எங்க ஊர் நாதஸ்வர வித்வான் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனோட கேசட்டை யார் வேணா காப்பி எடுக்கலாம். ஆனா அவர் எதிர்லயே உட்கார்ந்து, "இந்த ராகத்தை இப்ப வாசிங்க"ன்னு கேட்டா? கேசட் முழிக்கும், வித்வான் வாசிப்பார். பட்டை கேசட், சிப் வித்வான். ஒவ்வொரு தடவையும் மெஷின் புதுசா கேட்கும், சிப் உள்ளே இருக்கிற ரகசியச் சாவியை வெச்சு அந்தத் தடவைக்கு மட்டும் செல்லுற பதிலைக் கொடுக்கும். சாவி வெளியே வராது.

பழைய பட்டை கார்டுகளை 2018 டிசம்பர் 31க்குள்ள சிப் கார்டா மாத்தணும்னு ரிசர்வ் வங்கி கெடு வெச்சது. ஆனா சிப் கார்டுக்குப் பின்னாடியும் பட்டை இருக்கு, பட்டையை ஏத்துக்கிற மெஷின் வெளிநாட்டுல எங்கயாச்சும் இருக்கும். அதனாலதான் 2020 உத்தரவுப்படி, புது கார்டுல வெளிநாட்டுப் பயன்பாடு நாமளா ஆன் பண்ற வரைக்கும் ஆஃப்லயே இருக்கும். 2033க்குள்ள பட்டையையே ஒழிச்சிடுவோம்னு மாஸ்டர்கார்டு சொல்லியிருக்கு.

ஆனா என்னைக் கேட்டா, சிப்பை விடப் பெரிய மாற்றம் 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை. தப்பு வாடிக்கையாளர் மேலன்னா, அதை நிரூபிக்க வேண்டியது பேங்க்னு அது சொல்லுச்சு. பேங்க் மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல, மூணாவது ஆள் திருடினான்னா, மூணு வேலை நாளுக்குள்ள புகார் சொன்னா உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம். பின் நம்பரை நீங்களே கொடுத்து அதனால பணம் போயிருந்தா, புகார் சொல்ற வரைக்கும் போனது உங்க தலையில. அதனால என்னை மாதிரி ஆள்கிட்ட பின்னைக் கொடுக்காதீங்க, வீட்டுப் பிள்ளையா இருந்தாலும்! அது அந்தப் பிள்ளைக்கும் நல்லது.

மெசேஜ் வந்த அந்த நிமிஷமே கார்டை பிளாக் பண்ணுங்க. 1930க்கு கூப்பிடுங்க. பேங்க்ல புகார் எண்ணை வாங்காம போனை வைக்காதீங்க.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப, திருவனந்தபுரம் கதையைப் பெரியப்பாகிட்ட முழுசா சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல சாமி"ன்னார்.

"அன்னைக்கு எனக்கே தெரியாதுங்க பெரியப்பா."

அந்த 40,000 ரூபாய் திரும்ப வரவே இல்ல. சாயங்காலம் கார்டை எடுத்து நீட்டி, "ராசிபுரம் போறப்ப ஒரு ரெண்டாயிரம் எடுத்துட்டு வா"ன்னார். நான் வாங்கல. அவரையும் வண்டியில கூட்டிட்டுப் போனேன். பின் நம்பரை அவரே அடிச்சார், இன்னொரு கையால கீபேடை மறைச்சுக்கிட்டு.