ஏழு பருவம் பொது, மூன்று பருவம் தனி

ஒரு குழந்தை எந்த வயதில் பையனாகவோ பெண்ணாகவோ நடந்துகொள்ளத் தொடங்குகிறது? நம் பிள்ளைத்தமிழ் நூல்களில் இதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் தொடங்கி, இவ்வகை நூல்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரிக்கின்றன. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்ற ஏழும் இருபாலுக்கும் பொது. தவழ்வதிலும் கைகொட்டுவதிலும் நிலாவைக் கூப்பிடுவதிலும் என்ன பேதம்? அதற்கு மேல்தான் வழி பிரிகிறது. ஆணுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்ணுக்குப் பெரும்பாலும் அம்மானை, நீராடல், ஊசல்.

அரசனிடம் தேரும் முரசும் இருந்தன. பிள்ளைக்குச் சிறுதேரும் சிறுபறையும். பெரியவர்களிடம் பார்த்ததைப் பிள்ளை சிறிதாகச் செய்கிறது. சிற்றில் பருவத்தில் சிறுமிகள் மணல்வீடு கட்டுவார்கள். பையன் காலால் அழிக்க வருவான். கட்டுகிறவளும் அவள், அழிக்காதே என்று கெஞ்சுகிறவளும் அவளே. அதையும் நாம் செல்லமாகவே பாடி வந்தோம்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் சிறுவயதில் பையன்களுக்கு நுங்கு வண்டிதான் தேர். பெண்பிள்ளைகளுக்குச் சொப்பு, கொட்டாங்குச்சியில் மண்சோறு. சேலத்துத் தறி வீடுகள் பலவற்றில் அப்பா தறிக்குழியில் இருப்பார், அம்மா ராட்டையில் தார் சுற்றுவார். யாரும் பாடம் நடத்தவில்லை. மகன் தறிப் பக்கம் போனான், மகள் ராட்டைப் பக்கம் உட்கார்ந்தாள்.

பிள்ளைகள் வேலையை மட்டும் பார்ப்பதில்லை, யாருக்கு என்ன மதிப்பு என்பதையும் பார்க்கிறார்கள். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் வந்தது நம் சேலத்தில்தான். தங்கை பிறந்ததும் வீடே முகம் வாடியதைப் பார்த்த அண்ணனும் அக்காவும் என்ன கற்றிருப்பார்கள்?

பிறகு காட்சி மாறியது. 1989இல் தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு, அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீதம். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம். ஊராட்சித் தலைவியையும் பெண் போலீசையும் பார்த்து வளர்ந்த சிறுமிக்கு விளையாடப் புது வேஷங்கள் கிடைத்தன.

பையன் பார்க்கும் காட்சிதான் வீட்டுக்குள் மெல்ல மாறுகிறது. அது நம்மைப் போன்ற தாத்தாக்கள் கையில் இருக்கிறது. காப்பி குடித்த டம்ளரைப் பேரன் கண்முன்னே நாமே கழுவி வைப்போம். அவனும் செய்வான்.