ஐந்தாம் நரம்பின் உறவுமுறை

திருச்சிராப்பள்ளிக்கு இலத்தீன் அயல்மொழி அன்று. கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் இலக்கணம் வகுத்தது அம்மொழியில்தான். 1883-இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரியை நடத்திய இயேசு சபையினரின் வழிபாட்டு மொழியும் அதுவே. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) மாற்றம் கொணரும்வரை இவ்வூர்த் தேவாலயங்களில் பூசை இலத்தீனில் நடந்தது. காவிரிக்கு அக்கரையில், திருவரங்கத்தில் அரையர்கள் தாளமிசைத்துப் பாசுரம் பாடினார்கள். இரு கரையிலும் ஒலித்த சுரங்களுக்கு இடைப்பட்ட தொலைவை அந்தந்த மரபு எவ்வாறு பெயரிட்டு அழைத்தது என்று எண்ணிப் பார்ப்பது சுவையானது.

இலத்தீன் மரபு எண்ணிப் பெயரிட்டது. நின்ற சுரத்தை ஒன்றெனக் கொண்டு செகுண்டா, தெர்சியா, குவார்ட்டா, குவிண்டா, ஆக்டாவா என வரிசைப்படுத்தியது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, எட்டாவது என்பதற்கு மேல் இப்பெயர்களில் பொருளில்லை. இவற்றுக்கு முன்பு, ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசைநூல் எழுதிய போயத்தியசு, கிரேக்கர் வழங்கிய தியாபெந்தே முதலிய சொற்களையும், அவற்றின் விகிதங்களைக் குறிக்கும் இலத்தீன் சொற்களையும் ஆண்டார். ஐந்தாம் சுரத்தின் விகிதமாகிய 3:2-க்கு அவர் மொழியில் 'செசுகுயால்த்தரா' என்று பெயர். நம் வாய்மொழியில் சொன்னால் 'ஒன்றரை'. கொல்லன் பட்டறையில் சம்மட்டிகள் எழுப்பிய ஓசையைக் கேட்டுப் பித்தாகரசு இவ்விகிதங்களைக் கண்டார் என்ற கதையையும் அவர் சொல்கிறார். கதை பொய். சம்மட்டியின் எடை அவ்விகிதங்களைத் தராது. நரம்பின் நீளம் தரும்.

தமிழ் மரபும் நின்ற நரம்பை ஒன்றெனக் கொண்டே எண்ணியது. ஆனால் எண்ணியதோடு நில்லாமல், எண்ணிக் கண்டதற்கு உறவுப் பெயரிட்டது: இணை, கிளை, நட்பு, பகை. நான்காவது நட்பு, ஐந்தாவது கிளை, அதாவது சுற்றம், மூன்றாவதும் ஆறாவதும் பகை. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழில் குரலிலிருந்து ஐந்து எண்ணினால் இளி. இளியிலிருந்து ஐந்து எண்ணினால் துத்தம். அவ்வாறே விளரியும் கைக்கிளையும் பிறக்கும். ஒரு குடும்பம் பெருகுவதைப் போலவே இசை பெருகுகிறது. கிளை என்ற பெயர் வெறும் அலங்காரமன்று. இந்த ஈன்றெடுப்புக்கு ஆதாரமான இளிக்குப் 'பட்டடை' என்றும் பெயருண்டு. கொல்லனின் அடைகல்லுக்கும் தமிழில் அதே சொல்தான். பித்தாகரசின் கதையோடு இதற்கு வரலாற்றுத் தொடர்பு எதுவுமில்லை. ஆயினும் இந்த ஒற்றுமை நம்மைப் புன்னகைக்க வைக்கிறது.

பகை என்ற பெயரைப் படிக்கும் மேலையிசை மாணவர் திடுக்கிடக்கூடும். அவருக்கு மூன்றாவது சுரம் இனிமையின் உறைவிடம். ஆனால் தொடக்கத்தில் ஐரோப்பியரும் அதை இசைவாக ஏற்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் மூன்றாவதையும், பின்னர் ஆறாவதையும் குறைநிறைவுடைய இசைவுகளாகச் சேர்த்துக்கொண்டனர். அங்கே உறவு மாறியது. பெயர் எண்ணாகவே இருந்ததால் மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. எண் நடுநிலையானது, உறவுப் பெயரோ செவியின் தீர்ப்பையும் சேர்த்துச் சுமக்கிறது.

திருச்சிக்குத் தெற்கே குடுமியான்மலையில் மற்றொரு சான்று இருக்கிறது. 1948 முதல் 1974 வரை திருச்சி மாவட்டத்துக்குள் இருந்த ஊர் அது. அங்குள்ள ஏழாம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு, சுரங்களை நான்கு நான்காகத் தொகுத்து ஏழு பகுதிகளாகப் பாறையில் வரைந்திருக்கிறது. ஒரே சுரத்தின் எழுத்தே உயிர் மாறி ர, ரி, ரு, ரெ என வருகிறது. ஐரோப்பாவில் குய்தோ என்னும் துறவி, ஒரு இலத்தீன் துதிப்பாடலின் அடிகளிலிருந்து உத், ரே, மி என்ற அசைகளை எடுத்துச் சுரங்களுக்குச் சூட்டியது 11-ஆம் நூற்றாண்டில்.

இலத்தீன் பெயர்கள் எண்களாக இருந்ததாலேயே எம்மொழிக்கும் எளிதில் பெயர்ந்து பிழைத்துக்கொண்டன. நம் பெயர்களோ வழக்கொழிந்தன. சட்சம், பஞ்சமம் நிலைபெற்றன. 'இளி' என்றால் இன்று பல்லிளிப்புத்தான் நினைவுக்கு வருகிறது. விளைவு சிறியதன்று. கோவலனும் கண்ணகியும் திருவரங்கத்தையும் உறையூரையும் கடந்து நடந்த வழியை நாம் சிலப்பதிகாரத்தில் இடர்ப்பாடின்றிப் படிக்கிறோம். அதே நூலின் அரங்கேற்று காதைக்கு வந்ததும் தடுமாறுகிறோம். 1892-இல் உ.வே.சாமிநாதையர் அடியார்க்குநல்லார் உரையோடு நூலைப் பதிப்பித்தார். 1917-இல் ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. 1947-இல் விபுலாநந்த அடிகள் 'யாழ் நூல்' தந்து, அடுத்த மாதமே மறைந்தார். அவர்கள் தேடியெடுத்தது ஏழு சொற்களை மட்டுமன்று, சுரங்களைச் சுற்றத்தாராகக் கண்ட ஒரு சிந்தனையையும்தான்.

குவிண்டாவும் கிளையும் ஒரே ஒலியைத்தான் சுட்டுகின்றன. அது எத்தனையாவது என்று ஒரு பெயர் சொல்கிறது. அது யார் என்று மற்றது சொல்கிறது. திருச்சியில் இசை பயிலும் பிள்ளைக்கு இவ்விரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் ஆசை.